குட்டப்பனுக்காக ஒரு கை தூக்குங்கள்

ஊத்துமேட்டுப்பட்டி,
கம்பம் வழி, தேனி மாவட்டம்.

மதிப்பிற்குரிய மைத்துனரும் எங்கள் பேரூராட்சியின் ஒன்பதாவது வார்டு உறுப்பினருமான குருசாமி மச்சான் அவர்களுக்கு, உங்கள் வீட்டுக்குத் தெற்கே மூன்று தெரு தள்ளிக் குடியிருக்கும் உங்கள் தங்கை வீட்டுக்காரன் சுருளியாண்டி வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நான், உங்கள் தங்கை ஹேமாவதி, மகள் சினேகா, நாய் குட்டப்பன் ஆகிய நால்வரும் சுருளிமலை ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். அங்கே நீங்களும் அக்காவும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் ஆசை. உங்கள் வீட்டு நாய் புஜ்ஜி சுகமா என்று மட்டும் கேட்க மாட்டேன். காரணம் கீழே வரும்.

மூன்று தெரு தள்ளி இருப்பவன் எதற்குத் தபாலில் எழுதுகிறான் என்று நீங்கள் நினைக்கலாம். போன் போட்டால் இரண்டாவது மணியிலேயே கட் பண்ணுகிறீர்கள். நேரில் வந்ததற்கு என்ன கிடைத்தது என்பது ஊருக்கே தெரியும். உங்கள் தங்கை தூக்குச்சட்டியில் குழம்பு கொண்டு வரும்போது சொல்லி அனுப்பலாம் என்றால், அவள் போகும்போது என் கட்சி, திரும்பும்போது உங்கள் கட்சி. அதனால்தான் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கிற தபாலாக அனுப்புகிறேன், வரவில்லை என்று பிறகு நீங்கள் சொல்ல முடியாது. என் வலது கையில் கட்டு இருப்பதால் நான் சொல்லச் சொல்ல சினேகா எழுதுகிறாள். "சொன்னதச் சொன்னபடி எழுதணும் ஆத்தா, ஓஞ் சரக்கு எதையும் ஊடால சேக்கக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். சரி என்று தலையாட்டியிருக்கிறாள்.

நமக்குள் பேச்சு நின்றதற்கு இரண்டு விஷயம் காரணம். ஒன்று குட்டப்பன். இன்னொன்று சினேகா கல்யாணத்தைப் பற்றி நீங்கள் உங்கள் தங்கையிடம் சொல்லி அனுப்பிய பேச்சு. அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். தலை போகிற காரியம் குட்டப்பனுடையது, அவனுக்குப் பதினான்காம் தேதி வரைதான் தவணை.

போன மாதக் கூட்டத்தில் தெருவிளக்கு, சாக்கடை, வாரச்சந்தைக் கூரை எல்லாம் முடித்து, சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது ஏழாவது பொருளாக ஆபத்தான நாய் இனங்கள் என்று ஒரு தீர்மானம் கொண்டு வந்தீர்கள். எங்கோ ஒரு பெரிய நகரத்தில் ஒரு நாய் சின்னப் பிள்ளையைக் குதறிய செய்தியைப் பேப்பரில் பார்த்துவிட்டுக் கொண்டு வந்தீர்கள். அந்தச் செய்தியை நானும் படித்தேன் மச்சான். அன்றைக்கு எனக்கும் சோறு இறங்கவில்லை. ஆனால் அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள்? பதினோரு இனத்தின் பெயரை எழுதித் தடை போட்டீர்கள். அதில் பத்து இனத்தை இந்தப் பள்ளத்தாக்கில் ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. வாசித்த கிளார்க்குக்கு நாலாவது பெயரிலேயே விக்கல் எடுத்துத் தண்ணீர் கொடுத்தார்களாம், மிச்சத்தை வாசித்ததாக வைத்துக்கொள்ளலாம் என்று தலைவரே சொல்லிவிட்டாராம். பதினோராவது பெயர் ராட்வைலர். ஊரில் இருக்கிற ராட்வைலர் ஒன்றே ஒன்று, அது என் வீட்டுப் பந்தலுக்குக் கீழே படுத்திருக்கிறது. ஊருக்குச் சட்டம் என்று சொல்லி என் வீட்டு வாசலுக்குச் சட்டம் போட்டிருக்கிறீர்கள். பதினைந்து நாளில் நாயை ஊர் எல்லைக்கு வெளியே அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் அதிகாரி வந்து பரிசோதித்து எழுதும் அறிக்கையைப் பார்த்து மன்றம் விலக்குக் கொடுக்கலாம் என்று நோட்டீஸ். அதை மைதாப் பசை காய்ச்சி என் கேட்டில் ஒட்டிவிட்டுப் போனார்கள். குட்டப்பன் பசை ருசிக்கு முக்கால்வாசியை நக்கித் தின்றுவிட்டான். உங்கள் கையெழுத்து இருக்கிற கால்வாசி மட்டும் பத்திரமாக இருக்கிறது.

குட்டப்பன் எங்கிருந்து வந்தவன் என்று உங்களுக்குத் தெரியும், ஆனாலும் எழுத்தில் இருக்கட்டும். முப்பது வருஷம் நான் விடியக் காலையில் கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு ஆள் கொண்டு போன ஜீப் டிரைவர். ஜீப்பை விற்றுவிட்டு ஒரு ஏக்கர் திராட்சையோடு உட்கார்ந்த வருஷம், வண்டன்மேட்டு எஸ்டேட்காரர் குரியன் தன் மகனோடு வெளிநாட்டுக்குக் கிளம்பினார். கிளம்பும்போது இந்த நாயை என் கையில் பிடித்துக் கொடுத்து, "சுருளி, இவன் பாவமாணு, பிள்ளை மாதிரி நோக்கிக்கோ" என்று கண் கலங்கினார். கூடவே நாலு வார்த்தையும் சொல்லிக் கொடுத்தார். இரி, கிடக்கு, வா, வேண்டா. அந்த நாலு வார்த்தையில் மூன்று வருஷம் குடும்பம் நடந்துவிட்டது. திராட்சை நாய்க்கு விஷம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து, பந்தலுக்குக் கீழே பழம் உதிர்ந்து கிடந்தால் "வேண்டா" என்று ஒரு தரம் சொன்னால் போதும், மூக்கால் தள்ளிவிட்டுப் போவான். குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளிவான். உங்கள் தங்கை குக்கர் வைப்பதற்கு முன் அவனிடம் சொல்லிவிட்டுத்தான் வைக்கிறாள். இவனைத்தான் நீங்கள் ஊருக்கு ஆபத்து என்கிறீர்கள்.

நோட்டீஸ் வந்த மறுநாள் மனு எழுதிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு மனுவைக் கையில்கூட வாங்காமல் என்ன சொன்னீர்கள்? "அது நல்ல நாயாவே இருக்கட்டும் மாப்ள. பொறப்புன்னு ஒண்ணு இருக்குல்ல. ரத்தத்துல உள்ளது எங்கிட்டுப் போகும்? என்னைக்காச்சும் ஒருநா காட்டிரும்" என்றீர்கள். நான் பதில் சொல்ல வாயைத் திறக்கிறேன், உங்கள் நாற்காலிக்கு அடியிலிருந்து வெள்ளையாக ஒன்று பாய்ந்து மனுவோடு சேர்த்து என் கையைக் கவ்வியது. உங்கள் புஜ்ஜிதான். பொமரேனியன், முழங்கால் உயரம்கூட இல்லை, உங்கள் பதினோரு பெயரில் அதன் பெயர் இல்லை. அக்கா ஓடிவந்து அதன் வாயைப் பிடித்துத்தான் என் கையை எடுத்தார்கள். நீங்கள் எழுந்திருக்காமலே "அது வெளாட்டுக்குக் கடிக்கும் மாப்ள, மனசுல ஒண்ணும் வச்சுக்கிறாது" என்றீர்கள். என் மனுவின் இரண்டாம் பக்கத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊசி போடுகிற நர்ஸ் இவாஞ்சலின் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, "என்ன நாய்ணே?" என்றாள். வளர்ப்பு நாய் என்றேன். "எந்தத் தெரு?" என்றாள். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "கவுன்சிலர் வீட்டுப் புஜ்ஜியா? இந்த மாசத்துல நீங்க மூணாவது ஆளுண்ணே. கேஸ் சிலிண்டர் கொண்டாந்தவரு, கரண்டு ரீடிங் எடுக்க வந்தவரு, இப்ப நீங்க" என்றாள். குட்டப்பன் கடித்து யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டேன். நோட்டைப் பின்னாலிருந்து முன்னால் வரைக்கும் புரட்டிப் பார்த்து, "அப்படி ஒரு பேரே இங்கன இல்லையே" என்றாள். மச்சான், நாய்க்கடிக்கு வந்த ஒவ்வொருவரையும் எழுதி வைத்திருக்கிற நோட்டு அது. அதைப் பார்த்துச் சட்டம் போட்டிருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேனா?

பிறகு என் பக்கத்துத் தோட்டத்துப் பாண்டீஸ்வரன் ஒரு யோசனையோடு வந்தான். "மாமா, அதுக்குக் கண்ணுக்கு மேல ரெண்டு, நெஞ்சுல ரெண்டு, கால்ல நாலு, இம்புட்டுத்தான் செம்பட்டை. ஒரு பாக்கெட் தலைச்சாயத்தக் கலக்கி அடிச்சு விட்டா முழுக் கறுப்பு. லேப்ரடார்னு சொல்லிருவோம். லேப்ரடாருக்குத் தடை இல்ல" என்றான். உங்கள் தங்கை அதற்குள் கிண்ணத்தில் சாயத்தைக் கலக்கியே விட்டாள். பிரஷைக் கையில் வாங்கிக் குட்டப்பன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவன் தலையைச் சாய்த்துக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்குக் கை வரவில்லை. பெயரை மறைத்துக்கொண்டு வாழும்படி இவன் என்ன குற்றம் செய்தான்? யாரைக் கடித்தான், யார் வீட்டில் திருடினான்? இவன் இன்னான் என்று சொல்லியே இந்த ஊரில் வைத்துக்கொள்வேன், இல்லாவிட்டால் வைத்துக்கொள்ளவே மாட்டேன் என்று சாயத்தைச் சாக்கடையில் ஊற்றிவிட்டேன். இதைச் சொல்லும்போது சினேகா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறாள். எழுது ஆத்தா, நேரமாகிறது.

இனிப் பரிசோதனைக்கு வருகிறேன். அதிகாரி சூரியபிரகாஷ் நல்ல மனிதர்தான், வடக்கே ஏதோ மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்து இருபது நாள்கூட ஆகவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு என் தோட்டத்துக்கு வந்தார். ஏலத்தோட்டத்திலிருந்து திரும்புகிற நான்கைந்து ஜீப்புகள் ரோட்டிலேயே நின்றுவிட்டன, பெண்கள் எல்லாரும் தூக்குச்சட்டியோடு இறங்கி வேலியோரம் கூடிவிட்டார்கள். நாயின் சொந்தக்காரர் இருபது அடி தள்ளி நிற்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது, கையைக் காலை ஆட்டக் கூடாது என்றார். சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் நான், போய் நின்றேன். அவர் குட்டப்பன் எதிரே நின்று "உக்காரு" என்றார். இவன் வாலை ஆட்டினான். "சிட்" என்றார். அதற்கும் வாலை ஆட்டினான். "படு" என்றார், "நில்லு" என்றார். இவன் திரும்பித் திரும்பி என்னைப் பார்க்கிறான், நான் வாயை இறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்க்கிறேன். கட்டளைக்குக் கட்டுப்படவில்லை என்று எழுதினார். கடைசியாகச் சலித்துப் போய் "வா" என்றார். அந்த ஒன்று அவனுக்குத் தெரிந்த வார்த்தை. இவ்வளவு நேரம் கழித்து நமக்கு ஒரு வேலை கொடுத்தாரே என்ற சந்தோஷத்தில் நாற்பத்தைந்து கிலோவும் ஓடிப்போய் அவர் இரண்டு தோளிலும் கை வைத்துவிட்டான். அவர் மல்லாக்க விழுந்தது பறித்து வைத்திருந்த பன்னீர் திராட்சைப் பெட்டிகளின் மேல். எழுந்தபோது சட்டை முதுகு முழுக்க நாவல் நிறம். வேலியோரத்தில் ஒரே கூச்சல். பெட்டிக்குள் உட்கார்ந்தபடியே அவர் தாக்க முயன்றது என்று எழுதிவிட்டார்.

அப்போதுதான் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பையன் வேலியைத் தாண்டி வந்தான். ஒரு பதற்றம் இல்லை. "குட்டப்பா, இரி மோனே" என்றான். குட்டப்பன் அந்த இடத்திலேயே உட்கார்ந்தான். "கிடக்கு" என்றான், படுத்தான். அதிகாரி கையைப் பிடித்துத் தூக்கிவிட்டுத் தன் கைக்குட்டையாலேயே அவர் சட்டையைத் துடைத்துக்கொண்டு, "சார், இவன் எஸ்டேட்ல வளந்தவன், உத்தரவெல்லாம் மலையாளத்துலதான் தெரியும். தப்பு கேட்டவுக மேல, அவன் மேல இல்ல" என்று பொறுமையாக எடுத்துச் சொன்னான். மச்சான், மூன்று வருஷமாக இது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. நானும் உங்கள் தங்கையும் நாள் முழுக்க அவனிடம் தமிழில்தான் பேசுகிறோம், அவனும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். அந்த நாலு வார்த்தை மட்டும் மலையாளம் என்பது முப்பது வருஷம் மலை ஏறி இறங்கினவனுக்கு வித்தியாசமாகவே படவில்லை. உங்கள் தங்கை அதை நாய்களுக்கென்று உள்ள பாஷை என்றே நினைத்திருந்தாளாம். அதிகாரி என்னைப் பார்த்து, "ஏன்யா, இத மொதல்லயே சொல்லலாம்ல?" என்றார். "நீங்கதான சார் வாயைத் தொறக்கக் கூடாதுன்னீக" என்றேன். பேனாவில் எழுதியதை அழிக்க முடியாது என்று சொல்லி, கீழே 'மலையாளத்தில் கட்டுப்படுகிறது, மன்றம் முடிவு செய்க' என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அந்தப் பையனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் பெயர் கேட்பதற்குள் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மலையாளம் பேசியதைப் பார்த்தால் நம் பக்கத்து ஜீப் டிரைவர் யாராவது பெற்ற பிள்ளையாக இருக்கும். என்ன நிதானம், பெரியவர்களிடம் என்ன மரியாதை. அவன் யார் என்று விசாரித்து ஒரு பெட்டி பன்னீர் திராட்சை கொடுத்துவிடச் சொல்லி சினேகாவிடம் சொல்லியிருக்கிறேன். சரிப்பா என்றாள். எதற்கோ சிரித்தாள்.

இப்போது நான் கேட்பதைக் கவனமாகக் கேளுங்கள். பதினான்காம் தேதிக் கூட்டத்தில் பதினைந்து பேரில் ஏழு பேர் குட்டப்பன் இருக்கட்டும் என்கிறார்கள், ஏழு பேர் போகட்டும் என்கிறார்கள். பாண்டீஸ்வரன் வீடு வீடாகப் போய் விசாரித்து வந்து சொன்ன கணக்கு இது. மிச்சம் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் கை தூக்கினால் அவன் இருப்பான், தூக்காவிட்டால் அவனை எல்லை தாண்டிக் கொண்டுபோய் விட வேண்டும். குரியன் இப்போது அங்கே இல்லை, அவனுக்குப் போக வேறு வீடு கிடையாது. பயப்படுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளை அவன் தலையைப் பார்த்தால் பயப்படத்தான் செய்யும். எருதுக்கு வாய்க்கூடு போடுகிற மாதிரி இவனுக்கும் வெளியே போனால் வாய்க்கூடு என்று சட்டம் போடுங்கள், கயிறு இத்தனை அடிக்கு மேல் இருக்கக் கூடாது என்று போடுங்கள், நான் முதல் ஆளாகக் கட்டுப்படுகிறேன். கடித்தால் வளர்த்தவன் பொறுப்பு என்று போடுங்கள், அதற்கும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதை எல்லா நாய்க்கும் போடுங்கள், நாற்காலிக்கு அடியில் இருப்பதற்கும் சேர்த்துப் போடுங்கள். என்ன செய்தாய் என்று கேட்டுத் தண்டனை கொடுத்தால் அது நியாயம். யாருக்குப் பிறந்தாய் என்று கேட்டுத் தண்டனை கொடுக்கிறவனை நான் மனுஷனாகவே மதிக்க மாட்டேன், அவன் என் மச்சானாகவே இருந்தாலும் சரி. உங்கள் கை மேலே போகாவிட்டால் பதினைந்தாம் தேதி காலையில் குட்டப்பனோடு பேரூராட்சி வாசலில் உட்கார்ந்துவிடுவேன். அவனுக்குத் தட்டு, எனக்குப் பாய், எல்லாம் இப்போதே எடுத்து வைத்தாகிவிட்டது. உங்கள் தங்கை மதியம் சோறு கொண்டு வருவாள், எந்தக் கட்சியாக இருந்தாலும்.

மற்றபடி உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். அக்காவுக்கு என் வணக்கம், வாயைப் பிடித்துக் கையை எடுத்த உதவியை ஏழு ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். எல்லாரும் நூறு வயசு நோயில்லாமல் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள,
சுருளியாண்டி
(இடது கைக் கையெழுத்து. கோணலாக இருப்பதற்குப் புஜ்ஜி பொறுப்பு.)

பின்குறிப்பு: சினேகா விஷயத்துக்கு இப்போது வருகிறேன். அவளோடு குமுளி ஆஸ்பத்திரியில் லேபில் வேலை பார்க்கிற ஜாஸ்பர் என்கிற பையனைப் பற்றி, "ஒருதரம் நேர்ல பாத்துட்டுச் சொல்லுங்க மாப்ள" என்று நீங்கள் சொல்லி அனுப்பியதற்குப் பதில். பார்க்க மாட்டேன். மலைக்கு அந்தப் பக்கத்து ஆள், வேற வேதம். முப்பது வருஷம் அங்கே வண்டி ஓட்டியவனுக்கு அவர்களைப் பற்றி நீங்கள் சொல்ல வேண்டாம். அவன் நல்லவனாகவே இருக்கட்டும். பிறப்பு என்று ஒன்று இருக்கிறதல்லவா? ரத்தத்தில் உள்ளது எங்கே போகும்? அவளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதாக இருந்தால், அன்றைக்கு வேலி தாண்டி வந்தானே, அந்தப் பையன் மாதிரி ஒருவனைப் பாருங்கள். நாளைக்கே தட்டு மாற்றிக்கொள்கிறேன்.

இன்னொரு பின்குறிப்பு: மாமா, சினேகா எழுதுகிறேன். அப்பா தபால் தலை எடுக்க உள்ளே போயிருக்கிறார். சொன்னதைச் சொன்னபடி எழுதிவிட்டேன், ஒரு எழுத்துக்கூட நானாகச் சேர்க்கவில்லை. இது மட்டும் என் சரக்கு.

அன்றைக்கு வேலி தாண்டி வந்தவர்தான் ஜாஸ்பர். அப்பா கொடுக்கச் சொன்ன திராட்சைப் பெட்டியை நேற்றே கொடுத்துவிட்டேன். அவர்கள் வீட்டில் எல்லாரும் நன்றி சொல்லச் சொன்னார்கள். அவர் பெயரை நான் மறைக்கவில்லை, அப்பாதான் கேட்கவில்லை. எனக்காக அப்பாவிடம் ஆளைப் பார்த்துச் சொல்லச் சொன்னீர்கள், அதற்கு நன்றி. அதே மாதிரி நீங்களும் குட்டப்பனை ஒருதரம் வந்து பார்த்துவிட்டுக் கூட்டத்துக்குப் போங்கள். அப்பா இந்தக் கடிதத்தில் குட்டப்பனுக்காகச் சொன்னதை நீங்கள் கேளுங்கள். அதையே, ஒரு வார்த்தை மாற்றாமல், நீங்கள் எனக்காக அப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் சொன்னதுதான், இல்லை என்று சொல்ல முடியாது, கீழே கையெழுத்து இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வாருங்கள். அவரும் வருகிறார். புஜ்ஜியை மட்டும் கட்டிப் போட்டுவிட்டு வாருங்கள் மாமா.